பள்ளிக்கூடம் இருந்த இடத்தைப் புதர்நிலம் என்று எழுதாதீர்கள்: ஒரு பல்கலைக்கழக ஆளுநர் மன்றத்திற்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் மன்றத் தலைவர், துணைவேந்தர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கோலாலம்பூரில் உள்ள உங்கள் வளாகத்தின் மேற்கு எல்லையில், மாணவர் விடுதிக்கும் மின்மாற்றி அறைக்கும் இடையே, தகரக் கூரை வேய்ந்த நீண்ட கட்டடம் ஒன்று நிற்கிறது. புல்வெட்டும் குத்தகையாளர் தம் இயந்திரங்களையும் உர மூட்டைகளையும் அதில் அடுக்கி வைத்திருக்கிறார். அதை இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் அமைக்கப் போவதாகச் சென்ற மாதம் அதன் வேலியில் அறிவிப்புப் பலகை மாட்டப்பட்டது. அந்தக் கட்டடத்தில்தான் 1964ஆம் ஆண்டு முதல் 1969ஆம் ஆண்டு வரை நான் படித்தேன். அது ஒரு ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளி.

இடிப்பு ஒன்று மட்டுமாக இருந்திருந்தால், ஒரு விண்ணப்பம் எழுதிவிட்டு உங்கள் முடிவுக்குக் காத்திருந்திருப்பேன். என்னைப் பொதுவில் எழுத வைத்தது, வளாகத்தின் 25ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி நூலக முகப்பில் நீங்கள் அமைத்த வரலாற்றுக் கண்காட்சி. அதன் முதல் பலகை, 1998ஆம் ஆண்டுக்கு முன் இப்பகுதி எவரும் பயன்படுத்தாத புதர்நிலமாகக் கிடந்தது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கிறது. அதே வாசகம் நினைவு மலரிலும் அச்சாகியிருக்கிறது. கட்டடத்தை இடிப்பதற்கு முன்பே அதன் வரலாற்றை இடித்து முடித்துவிட்டீர்கள் என்பதுதான் என் முறையீடு.

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எங்கள் தோட்டத்தின் பெயரையும் இம்மடலில் நான் எழுதவில்லை. பெயரை எழுதினால் பேச்சு முழுவதும் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். தவிரவும், தலைநகரைச் சுற்றியுள்ள எத்தனையோ தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் பேரங்காடிகளுக்கும் இதே கதைதான். மடல் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும். கையெழுத்திட்ட படி ஒன்றைப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் பேத்தி இவ்வாண்டு உங்கள் மாணவியாகச் சேர்ந்தாள். பதிவு நாளன்று அவளுடைய பெட்டியையும் தலையணையையும் விடுதியில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது, அந்தத் தகரக் கூரையைப் பார்த்து நின்றுவிட்டேன். சாலைகள் மாறியிருந்தன, மேடு வெட்டிச் சமப்படுத்தப்பட்டிருந்தது, ஆனாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும் மூன்று படிகளும், படிக்கு வலப்பக்கம் சுவரில் பதித்த கல்லும் அப்படியே இருந்தன. கல்லின் மீது சுவரோடு சேர்த்து வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள். விரலால் தடவினால் எழுத்து இன்றும் கைக்குத் தட்டுப்படுகிறது. பேத்தியின் விரலைப் பிடித்து அதில் வைத்தேன். 'த' என்றாள், பிறகு 'ள்' என்றாள். அவளும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். அன்று மாலைதான் இருவரும் நூலகத்திற்குப் போய் உங்கள் பலகையைப் படித்தோம். "பாட்டி, அப்படின்னா நீங்க படிச்சது எங்கே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் அதை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அங்கே இருந்தது என்னவென்று முதலில் சொல்கிறேன்.

இந்நாட்டில் தோட்டப் பள்ளிகள் துரைமார்களின் கருணையால் வந்தவை அல்ல. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் வாழும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதியை நிறைவேற்ற ஒரு கொட்டகையும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரும் போதுமானதாக இருந்ததால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் பாதியிலும் கோயில் மண்டபத்திலும்கூடப் பள்ளி நடந்த தோட்டங்கள் உண்டு. எங்கள் பள்ளியும் அப்படித்தான் காலையில் தொழிலாளர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பிரட்டுக் களத்தின் ஓரத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகையாகத் தொடங்கியது என்று பள்ளிக் குறிப்பேடு சொல்கிறது. இன்று நீங்கள் இடிக்கப் போகும் கல் கட்டடம் 1953இல் எழுந்தது. சிமெண்டையும் தகரத்தையும் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. மற்றச் செலவுக்குத் தொழிலாளர்கள் மாதம் ஒரு நாள் கூலி என்று ஓராண்டுக்கு மேல் கொடுத்தார்கள். என் பெற்றோருக்கு அப்போது திருமணம்கூட ஆகவில்லை. பிறக்காத பிள்ளைக்காகக் கூலியில் பிடித்தம் கொடுத்தவர்கள் அவர்கள். சாயத்துக்கு அடியில் கிடக்கும் கல்லில் பொறித்திருப்பது, தோட்டத் தொழிலாளர் உதவியால் கட்டப்பட்டது என்பதுதான். அந்த வரியைப் படித்தவர் யாரும் அவ்விடத்தை எவரும் பயன்படுத்தாத நிலம் என்று எழுதியிருக்க மாட்டார்.

நான் சேர்ந்தபோது ஆறு வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். ஓர் அறையில் இரண்டு வகுப்புகள். ஒரு வகுப்பு கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காரும், மற்றது மேற்குச் சுவரைப் பார்த்து உட்காரும். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே நான்காம் வகுப்பின் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். கவனம் சிதறியதற்கு அடியும் வாங்கியிருக்கிறோம். பள்ளி மணி என்பது மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அம்மா இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், காண்டா வாளியோடு ரப்பர் மர நிரைக்குள் இறங்கி, மங்குகளில் ரப்பர்ப் பால் இறங்கும் வேளையில் அந்த மணிச் சத்தம் அவருக்குக் கேட்குமாம். பிள்ளைகள் பள்ளிக்குள் போய்விட்டார்கள் என்று நிம்மதியாக இருக்கும் என்பார். தலைமையாசிரியர் பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். மாலையில் கடிதம் எழுதித் தருவதும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு மனு எழுதுவதும் அவர் வேலையாகவே இருந்தன. ஆகவே அந்தக் கட்டடம் பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி, பொழுது சாய்ந்தபின் பெரியவர்களுக்கு அலுவலகம்.

சான்று கேட்பீர்கள். என்னிடம் அப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. கடைசித் தலைமையாசிரியரின் குடும்பத்தார், கறையான் அரித்தது போக எஞ்சியதைத் துணியில் சுற்றி என்னிடம் ஒப்படைத்தார்கள். நீல மையில் எழுதிய அந்தப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) எண், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று பத்திகள் இருக்கின்றன. கடைசிப் பத்தியைப் பல இரவுகள் உட்கார்ந்து படித்திருக்கிறேன். 'வேறு தோட்டம்' என்று சில பிள்ளைகளுக்கு. 'வெளிக்காட்டு வேலை' என்று பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு. 'தம்பியைப் பார்க்க' என்று பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் பக்கத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு. 1969ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஒரே சொல் வரிசையாக வருகிறது: 'இந்தியா'. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்று 1968இல் வந்த சட்டத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள், பெற்றோரிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை இருந்த ஒரே காரணத்தால், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ரஜூலா கப்பலேறினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் பென்சில் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஊரில் இதைவிட நல்லதாகக் கிடைக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் பெயர் அப்பதிவேட்டில் இருக்கிறது. இந்நாட்டில் அவள் வாழ்ந்ததற்கு எழுத்தில் எஞ்சியிருப்பது அந்த ஒரு வரியாகவும் இருக்கலாம்.

பதிவேட்டைத் தவிர, 1966இல் அந்த மூன்று படிகளில் உட்கார்ந்து எடுத்த பள்ளிப் புகைப்படம் இருக்கிறது. சுவர்க் கல் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவில் வரைந்த பழைய நில அளவை வரைபடத்தில் எங்கள் தோட்டத்தைத் தேடிப் பிடித்தேன். ரப்பர் நிரைகளுக்கு நடுவே லயங்களும், கோயிலும், பள்ளியைக் குறிக்கும் சிறு குறியும் இருக்கின்றன. ஓய்வூதியம் வாங்கும் ஒரு கிழவியால் இரண்டு நாளில் கண்டெடுக்க முடிந்ததை, ஆராய்ச்சிக்கென்றே ஒரு துறை வைத்திருக்கும் நிறுவனத்தால் ஏன் கண்டெடுக்க முடியவில்லை என்று கேட்பதில் தவறு இருக்காது என்று நம்புகிறேன்.

1998க்கு முன் புதர் மண்டியிருந்தது என்பது முழுப் பொய் அல்ல; ஏழெட்டு ஆண்டுகள் அங்கே புதர் மண்டித்தான் இருந்தது. தோட்டம் எண்பதுகளின் இறுதியில் கைமாறியது. லயத்தில் இருந்தவர்கள் முதலில் தற்காலிக ரூமா பாஞ்சாங் என்னும் நீள்வரிசை வீடுகளுக்கும், பிறகு அடுக்குமாடிக்கும் அனுப்பப்பட்டார்கள். பள்ளியின் உரிமம் 1991இல் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு தாமானுக்கு மாற்றப்பட்டது. தனியார் உயர்கல்விக்கூடங்களுக்கான சட்டம் 1996இல் வந்தது; அதன் பிறகு அந்நிலம் உங்கள் கைக்கு வந்து, 1999இல் முதல் மாணவர்கள் நுழைந்தார்கள். ஆக, மனிதர்களை வெளியேற்றிய பிறகு முளைத்த புதரை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு முன்பு வாழ்ந்த மூன்று தலைமுறையையும் சேர்த்துப் புதர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991இல் புதுக்கட்டடம் கிடைத்த மகிழ்ச்சியில் நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்து வந்து புதுப் பள்ளியில் பதிக்க வேண்டும் என்று பள்ளி வாரியத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் நானும்தான் இருந்தேன். மேடையில் பேசியவர்கள் பேசினார்கள், மாலைகள் விழுந்தன, சாப்பாடு நன்றாக இருந்தது. நாடு விடுதலை அடைந்த 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. அந்த வேறுபாட்டை எண்ணிக்கையாகவே பேசிப் பழகிவிட்டோமே ஒழிய, மூடிய பள்ளி ஒவ்வொன்றும் எந்த மேட்டில், எந்த மரத்தடியில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. ஆனால், நாங்கள் குறித்து வைக்காததால் நீங்கள் தவறாகக் குறித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுவல்ல. பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு, என் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்று மூன்று வரிப் பதில் வந்தது. இரண்டாம் கடிதத்துக்கு வந்த பதில், அக்கட்டடத்துக்குக் கட்டடக்கலைச் சிறப்பு ஏதுமில்லை என்று ஆலோசகர் ஒருவர் தெரிவித்திருப்பதாகச் சொன்னது. அவர் சொன்னது உண்மைதான். தூண் இல்லை, வளைவு இல்லை, மழை பெய்தால் உள்ளே பாடமும் கேட்காது. அது அழகான கட்டடம் என்று நான் வாதிடவே இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம்கூட, ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிப்பதற்கான அளவுகோல்களில் வரலாற்று முக்கியத்துவத்தையும் சமூக, பண்பாட்டுத் தொடர்பையும் தனித்தனியே சேர்த்திருக்கிறது. அழகு மட்டுமே அளவுகோல் என்று எங்கும் சொல்லவில்லை. எங்கள் தகரக் கூரையைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி நான் கேட்கப் போவதில்லை. அளவுகோல் ஒன்றே ஒன்று அல்ல என்பதை உங்கள் ஆலோசகர் நினைவில் கொண்டால் போதும்.

பழைய பள்ளிக் கட்டடங்களுக்கு என்ன நேரலாம் என்பதற்கு நம் நகரங்களிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. பினாங்கில் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் இந்நாட்டின் தமிழ்க் கல்வியும் தொடங்கியதாகச் சொல்லி, 2016இல் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டை நாம் கொண்டாடினோம். அப்பள்ளி 1928இல் கிரீன் லேனுக்குப் போய்விட்டது. ஃபார்க்குவார் ஸ்திரீட்டில் அது விட்டுச்சென்ற கட்டடத்தின் ஒரு பாதி போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய பாதி மாநில அருங்காட்சியகமாகப் பயன்பட்டது. கோலாலம்பூரில் 1893இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், வெள்ளத் தொல்லையால் ஹை ஸ்திரீட்டை விட்டு 1929இல் மேட்டுக்கு ஏறியது. அது விட்ட கட்டடத்தில் தொழில்நுட்பப் பள்ளி வந்து அமர்ந்தது. அந்தப் பள்ளியே கல்லூரியாகி, ஜாலான் கர்னிக்கு இடம்பெயர்ந்து, பிற்பாடு மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. ஒரு பள்ளி காலி செய்த வகுப்பறைகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னோடி வளர்ந்த கதை இது. அதைச் சொல்வதால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. மறுபக்கம், அதே 1893இல் தொடங்கிய புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று பவிலியன் பேரங்காடி நிற்கிறது. நகரின் நடுவில் இருந்த புகழ்பெற்ற ஆங்கிலப் பள்ளிக்கே அந்தக் கதி என்றால், தோட்டப்பள்ளி எம்மாத்திரம் என்று உங்கள் திட்டப் பிரிவினர் நினைத்திருக்கக்கூடும். பேரங்காடிக்கு வரலாறு எழுதும் கடமை கிடையாது, பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

பல்கலைக்கழகங்கள் இந்தக் கடமையைச் செய்யாமலும் இல்லை. 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகப் பிறந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், முதலில் புக்கிட் கெலுகோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒதுங்கியிருந்து, 1971இல் பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற மிண்டன் முகாமுக்குக் குடிபுகுந்தது. இன்றும் அதை மிண்டன் வளாகம் என்றுதான் சொல்கிறார்கள். சிப்பாய்கள் அணிவகுத்த மைதானத்துக்கு இன்றும் பாடாங் காவாட் என்றே பெயர். ஐரோப்பாவில் 1759இல் நடந்த ஒரு சண்டையின் பெயர் பினாங்கு மேட்டில் பத்திரமாக இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரப் பூங்கா, 1974இல் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் உருவானது என்பதை அவர்களே சொல்கிறார்கள். புத்ரா பல்கலைக்கழகம் தன் வேரை 1931இன் செர்டாங் வேளாண்மைப் பள்ளியில் காண்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் 1922இன் பயிற்சிக் கல்லூரியைத் தன் தாயாக ஏற்றுப் பெருமை கொள்கிறது. எங்கள் பள்ளி உங்களுக்குத் தாய் அல்ல. உங்களுக்கு முன் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோட்டத்து மக்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தொடர்பில்லாதவர்களாகப் பார்க்கும் பார்வை உங்கள் மலர் முழுவதும் இருக்கிறது. ஐம்பதுகளில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, அங்கே தொடங்கவிருந்த இந்திய இயல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் வழியாகப் போராடியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. அத்துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்ப்பதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் செல்வர்கள் அல்லர்; சாதாரண உழைப்பாளிகள். 1956இல் தொடங்கிய அத்துறை பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் அதற்குத் தலைமை ஏற்றிருந்த காலத்தில்தான், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் கூடியது. எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் அம்மாநாட்டுக் கூட்டத்தைப் பார்க்கச் சைக்கிளில் போய் வந்ததாகத் தலைமையாசிரியர் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறது. தங்கள் பிள்ளைகள் படிவாசலைக்கூட மிதிப்பார்களா என்று தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குப் பணம் கொடுத்த சமூகம் இது. அதன் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு உங்கள் நூலக முகப்பில் ஒரு வரி இல்லை.

வாகன நிறுத்துமிடம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் இடம் தேடிச் சுற்றுகிறவள் நான். அறிவிப்புப் பலகையில் உள்ள வரைபடத்தின்படி, பள்ளிக் கட்டடம் புதிய நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில்தான் வருகிறது. அதை விட்டுவைத்தால் சில வண்டிகளுக்கான இடம் குறையும். மின்மாற்றி அறைக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் துண்டில் அதை ஈடுகட்ட முடியாதா என்று உங்கள் பொறியாளர்களே பார்க்கட்டும்.

ஆகவே, மன்றத்திடம் நான் கேட்பவை இவை.

இடிப்பை உடனே நிறுத்தி வையுங்கள். இடிப்புக் குத்தகையாளரோ அவர் அமர்த்திய ஆலோசகரோ அல்லாத, வரலாறு அறிந்த ஒருவரைக் கொண்டு அக்கட்டடத்தை ஆய்வு செய்து, அறிக்கையைப் பொதுவில் வெளியிடும்வரை ஒரு தகரத்தையும் கழற்றாதீர்கள். அறிக்கை எப்படி வந்தாலும் சுவரில் உள்ள கல்லின் மேல் பூசிய சாயத்தை இந்த மாதமே நீக்குங்கள். அதற்கு ஆய்வு தேவையில்லை, ஒரு வாளி தண்ணீரும் பொறுமையும் போதும். ஆள் இல்லையென்றால் எங்கள் முன்னாள் மாணவர்கள் வருவார்கள்.

கண்காட்சியின் முதல் பலகையைக் கழற்றிவிட்டு, அந்நிலத்தில் ரப்பர்த் தோட்டமும், தொழிலாளர் குடியிருப்பும், 1991 வரை இயங்கிய ஒரு தமிழ்ப்பள்ளியும் இருந்தன என்ற உண்மையை, தோட்டத்தின் பெயரும் பள்ளியின் பெயரும் சேர்த்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி மாட்டுங்கள். விநியோகிக்காமல் இருக்கும் நினைவு மலர்ப் படிகளில் திருத்தத் தாள் ஒட்டுங்கள்; இணையத்தில் உள்ள படியைத் திருத்துங்கள். தமிழ் வாசகத்தைக் கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி எழுதிய பலகைகளை இந்நகரின் மருத்துவமனைகளிலும் நிலையங்களிலும் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறோம். எழுதித் தர நான் இருக்கிறேன், கட்டணம் வேண்டாம்.

கட்டடம் நிற்குமானால், அதன் ஓர் அறையை, ஒரே ஓர் அறையை, தோட்டப்பள்ளி நினைவு அறையாக ஒதுக்குங்கள். மீதி அறைகளில் உங்கள் மாணவர்கள் படிக்கட்டும், மன்றம் நடத்தட்டும், தேநீர் குடிக்கட்டும். கட்டடத்துக்கு முன்னால் போகும், இன்று எண் மட்டும் கொண்ட உள்சாலைக்குப் பள்ளியின் பெயரைச் சூட்டுங்கள்.

எங்களிடம் உள்ளவற்றை உங்களுக்குத் தர மறுக்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டின் படியையும், 1966ஆம் ஆண்டுப் புகைப்படத்தையும், வரைபடத்தின் படியையும் உங்கள் நூலகத்துக்கு அளிக்க அணியமாக இருக்கிறேன். பதிவேட்டில் உள்ளவர்களின் தனிப்பட்ட விவரங்களை யார் பார்க்கலாம் என்பதை மட்டும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். அதன் மூலப்படி உங்களிடம் வராது. அது தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும்.

இம்மடலுக்கு மன்றத் தலைவரின் கையெழுத்தோடு 30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். பதிவாளர் அலுவலகத்தின் மூன்று வரி வேண்டாம். அதற்குள் இடிப்பு இயந்திரம் வேலிக்குள் நுழையுமானால், முன்னாள் மாணவர்களாகிய நாங்கள், நடக்க முடிந்த அத்தனை பேரும், அந்த மூன்று படிகளில் வந்து உட்காருவோம். 1966இல் எங்கள் வகுப்பு உட்கார்ந்த வரிசை புகைப்படத்தில் இருக்கிறது. என் இடம் இடமிருந்து நான்காவது.

இப்படிக்கு,
பள்ளியின் முன்னாள் மாணவி (1964–1969),
உங்கள் முதலாண்டு மாணவி ஒருத்தியின் பாட்டி,
கோலாலம்பூர்